பத்து மணிக்கு ஒரு கல்

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்கு வந்திருப்பது சொல் வியாதி. யாராவது ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அது எந்த ஊரில் பிறந்தது, எந்தக் கப்பலில் ஏறியது, யார் வாயில் எப்படி நசுங்கி இங்கே வந்து சேர்ந்தது என்று விளக்காமல் என்னால் இருக்க முடியாது. எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. (யாரும் கேட்டதில்லை.) பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் பக்கத்து மேசைக்காரர் காதில் எப்போதும் இயர்ஃபோன் மாட்டியிருப்பார். அதில் பாட்டு எதுவும் ஓடுவதில்லை என்று பிற்பாடு தெரிய வந்தது.

இந்த வியாதி ஆளைக் கொல்லாது. ஆனால் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தன்று காலையில், பட்டு வேட்டியோடு போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கொடுத்து, "நிரப்பு" என்று சொல்லும்.

எல்லாம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நடந்த போதை ஒழிப்புக் கூட்டத்தில் ஆரம்பித்தது. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கதான் எந்நேரமும் சொல்லு கில்லுன்னு பேசிக்கிட்டே இருப்பீங்களே. இந்தப் பொருளுக்கெல்லாம் பையனுங்க வேற வேற பேரு வச்சிருக்கானுங்களாம்லா. பெத்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. அதை வந்து கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என்னைச் சொல் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்கிறார். நான் விடுவேனா? ராத்திரி பகலாகத் தயார் செய்தேன். மலாயில் போதைப்பொருளுக்கு 'டாடா' என்று பெயர் அல்லவா? அது ஒரு காலத்தில் நாட்டு மருந்துச் சரக்குக்கு இருந்த நல்ல பெயர். கெட்ட சகவாசத்தால் கெட்டுப்போனது. 'கஞ்சா' நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தது; அதைப் பற்றி நாம் அதிகம் பெருமைப்பட வேண்டியதில்லை. 'சியாபு' ஜப்பான்காரர்கள் வாயிலிருந்து வந்தது என்பார்கள். அது கண்ணாடித் துண்டு மாதிரிப் பளபளப்பதால் அதற்கே 'ஐஸ்' என்று ஒரு பெயர். கட்டியாக இருப்பதால் 'பத்து' என்று இன்னொரு பெயர். மலாயில் பத்து என்றால் கல். (பத்துமலையில் இருக்கும் பத்து எண்ணிக்கை இல்லை, கல்தான். இதை ஒவ்வொரு தைப்பூசத்திலும் படியேறும் யாராவது ஒருவருக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் சொல்லிவிடுவேன்.) மாத்திரை ஒன்றுக்கு 'கூடா', அதாவது குதிரை. சயாம் பக்கத்தில் முதலில் குதிரை மருந்து என்றுதான் அதை அழைத்தார்களாம். போதை தரும் கெத்தும் இலைக்கு வெறுமனே 'டாவுன்', இலை. எல்லாவற்றுக்கும் பொதுவாக நம் பையன்கள் வைத்திருக்கும் பெயர் 'பொருள்'.

கூட்டத்தன்று மேடையில் ஒரே போடாகப் போட்டேன்.

"இந்தப் பேருங்களுக்கெல்லாம் ஒரே விதிதான். வீட்டுல காதுல விழுந்தா யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. அதனால, அடுத்த தடவை உங்க பையன் ஃபோன்ல கல்லு, இலை, ஐஸு, குதிரைன்னு பேசினா ஞாபகம் வச்சிக்குங்க. அது கல்லும் இல்ல, இலையும் இல்ல, குதிரையும் இல்ல!"

கை தட்டினார்கள். அந்தக் கடைசி வரியை நான் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். இவ்வளவு சிரமப்பட்டுச் செய்த ஒரு வாக்கியம் என்னையே திரும்பக் கடிக்கும் என்று அப்போது தெரியாது.

மாதிரி காட்டுவதற்காகக் கற்கண்டை உடைத்து, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் 'BATU' என்று எழுதிவைத்திருந்தேன். பார்ப்பதற்கு அசல் போலவே இருந்தது. முன் வரிசை அக்கா ஒருவர் மட்டும், "முடிஞ்சதும் அந்தக் கற்கண்டை வீட்டுக்குக் குடுத்து விடுவீங்களா தம்பி?" என்று கேட்டார். கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் பையோடு என் காடியின் (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பின்னால் போட்டேன், மறந்தும் போனேன். எறும்புகள் மறக்கவில்லை. அது பின்னால் வரும்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கச்சி யாழினியின் கல்யாணம். ஜார்ஜ் டவுன் மண்டபத்தில், காலை பத்து மணிக்கு முகூர்த்தம். எனக்கு முக்கியமான வேலை எதுவும் தரக்கூடாது என்று குடும்பத்தில் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். (ஐயருக்குப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் 'முகூர்த்தம்' என்ற சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பத்திரிகையை வைக்காமலே திரும்பி வந்தவன் நான்.) ஆனால் புக்கிட் மெர்தாஜாமில் பெரியம்மா வீட்டிலிருந்து அம்மிக்கல்லை எடுத்து வர ஆள் இல்லை.

மண்டபத்திலேயே ஓர் அம்மி இருந்தது. யாழினிக்கு அது வேண்டாம்.

"அண்ணே, அம்மா மிதிச்சது பெரியம்மா வீட்டுக் கல்லைத்தான். அப்பா குனிஞ்சு அம்மாவுக்கு மெட்டி போட்டது அந்தக் கல்லு மேலதான். கல்யாணத்துக்கு அப்பா இல்ல. அவரு கை பட்ட கல்லாவது இருக்கட்டும்."

அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மி என்ற சொல்லைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் யாழினி என்னை நம்பியிருக்க வேண்டும்.

காலையிலேயே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். பெரியம்மா கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணியில் சுற்றி, குழந்தையைத் தருவது போல் தந்தார். "கீறல் விழுந்துச்சு, அதே கல்லுல உன்னை அரைச்சிடுவேன்" என்றார். கூடவே இரண்டு வேலை சேர்ந்துகொண்டது. சந்தையில் சொல்லிவைத்திருந்த வெற்றிலைக் கட்டு. மாலைகள் வாடாமல் இருக்க ஐஸ் நிரப்பிய பெட்டி. கல், இலை, ஐஸ். என் மூளையில் ஒரு மணியாவது அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

குதிரை மட்டும் காடியில் இல்லை. அது தனியாக வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தினேஷ் குதிரையில்தான் வந்து இறங்க வேண்டும் என்பது அவன் நண்பர்களின் ஆசை. பத்து ஃபிரிங்கி கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றி நடத்துகிற மான் அண்ணனிடம் பேசி ஏற்பாடு செய்தது நான்தான். அவர் எண்ணை மறக்காமல் இருக்க, பத்து ஃபிரிங்கி குதிரைக்காரர் என்பதைச் சுருக்கி 'KUDA BATU' என்று ஃபோனில் சேமித்து வைத்திருந்தேன். சுருக்கமாக எழுதுவதில் எனக்கு ஒரு திறமை உண்டு.

ஜுருவைத் தாண்டியதும், தீவுக்குப் போகும் பாலத்தின் வழியில், போலீஸ் தடுப்பு.

ஒரு சார்ஜன் கண்ணாடியை இறக்கச் சொன்னார். அவசரமே இல்லாத மனிதர். "நாக் பி மானா?" என்றார். எங்கே போகிறாய் என்று பினாங்குக்காரர்கள் கேட்கும் விதம் அது. ஊர்க்காரர்தான் என்று எனக்குத் தைரியம் வந்தது.

"தங்கச்சி கல்யாணம், துவான்" என்று மலாயில் சொன்னேன். (துவான் என்றால் ஐயா.)

வேட்டியைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். 'போ' என்று சொல்லக் கையைத் தூக்கிவிட்டார். தூக்கிய கை பாதியில் இருந்தபோது ஃபோன் அடித்தது. காடியின் ஸ்பீக்கர் தானாக எடுத்துக்கொண்டது. யாழினியின் குரல் நடுச்சாலை வரை கேட்டது.

"அண்ணே! பத்து மணி! பத்து மணி மறந்துடாதே! பத்து மணிக்குள்ள வரலேன்னா நான் செத்தேன்! பத்து மணிண்ணே!"

வைத்துவிட்டாள்.

சார்ஜனின் கை இறங்கியது. தமிழ் தெரியாத ஒருவரின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து என்றால் கல். மணி என்றால் இங்கிலீஷில் காசு. ஒரு பெண் பதறிப் போய் 'கல்லு, காசு, கல்லு, காசு' என்று கத்துகிறாள்.

"பத்து? மணி?" என்றார் சார்ஜன் மெதுவாக.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? "துவான், தமிழில் பத்து மணி என்றால் நேரம்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பான். நான் சாதாரண மனிதன் இல்லை, சொல் வியாதிக்காரன். இரண்டு மொழியில் ஒரே ஒலி இரண்டு பொருளைத் தரும் அழகு என்னை மயக்கிவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"ஐயோ, அந்தப் பத்து வேறு, துவான். உண்மையான பத்து பின்னால் இருக்கிறது."

சார்ஜன் சிரிக்கவில்லை. ஓர் இளம் போலீஸ்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பின்னால் வேறு என்ன இருக்கிறது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "டாவுன்" என்றேன். "அப்புறம் ஐஸ்."

அதே நேரத்தில் ஃபோன் மறுபடியும் அடித்தது. காடியின் திரையில் பளிச்சென்று, பெரிய எழுத்தில் 'KUDA BATU' என்று வந்தது. சார்ஜன் தலையை உள்ளே விட்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பாங்!" (அண்ணே!) என்று மான் அண்ணன் குரல் உற்சாகமாக வந்தது. "கூடா சாம்பாய் டா! எங்கே இறக்கணும்? வாசலிலேயே இறக்கவா, பின்பக்கமா?"

குதிரை வந்தாயிற்று. எங்கே இறக்குவது? நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் சார்ஜன் கையை நீட்டி ஃபோனை அணைத்தார். அப்போதுதான் எனக்கு வியர்த்தது. எனக்கு வியர்த்தால் வாய் திறந்துகொள்ளும்.

"துவான், நீங்கள் தப்பாக நினைத்துவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தேன். "இது நீங்கள் நினைக்கும் பத்து இல்லை. அந்தப் பத்துவுக்குச் சியாபு என்றும் பெயர், ஐஸ் என்றும் பெயர். இந்த ஐஸ் அந்த ஐஸ் இல்லை. கூடா என்றால் மாத்திரை என்று எனக்குத் தெரியும். இது மாத்திரை இல்லை, நான்கு கால் குதிரை. டாவுன் என்றால் கெத்தும் என்றுதானே..."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எல்லாருக்கும் சொல்லித் தருகிறேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

இளம் போலீஸ்காரர் சிவப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார், கனம் தாங்காமல் கையை எடுத்துக்கொண்டார். வெற்றிலைக் கட்டை முகர்ந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து மாலைகளைப் பார்த்துக் கொஞ்சம் தளர்ந்தார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது மூலையில் கிடந்த துணிப்பையைத் தூக்கிக் கவிழ்த்தார்.

சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பளபளக்கும் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் என் அழகான கையெழுத்தில்: BATU.

சார்ஜன் ஒரு பையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது சர்க்கரை, துவான்!" என்று கத்தப் போனேன். கற்கண்டுக்கு மலாயில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். கூலா பத்து. கற்சர்க்கரை. பதற்றத்தில் 'கூலா' தொண்டையிலேயே நின்றுவிட்டது. "பத்து, துவான்! பத்துதான்! வெறும் பத்து!" என்று வெளியே வந்தது.

இனி பேசிப் பயனில்லை, செய்துகாட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஒரு பையைப் பிரித்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, வாயில் போட்டுக் கறுக்கென்று கடித்தேன்.

"தியா தெலான்! தியா தெலான்!" என்று இளம் போலீஸ்காரர் அலறினார். விழுங்கிட்டான், விழுங்கிட்டான் என்று அர்த்தம். மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என் தாடையைப் பிடித்தார். இன்னொருவர் துப்பு, துப்பு என்றார். கற்கண்டு பாதி வாயில், பாதி பட்டு வேட்டியில். இத்தனைக்கும் நடுவில், 'தெலான்' என்பதற்கு நிகராகத் தமிழில் விழுங்கு சரியா, முழுங்கு சரியா என்று எனக்குள் ஒருவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நிலையத்தில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அம்மிக்கல்லை மேசை மேல் வைத்தார்கள். மரியாதையில் அது என்னைவிட ஒரு படி மேலே இருந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி வேண்டும் என்று சார்ஜன் சொல்ல, கார்ப்பரல் சாந்தி என்று ஒரு பெண் வந்தார். என் வேட்டி, திருநீறு, வாயோரம் ஒட்டிய கற்கண்டு எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்னய்யா இது கோலம்? என்ன செய்றீங்க நீங்க?"

"மேடம், நான் எதுவும் செய்யல. ஒரு ஆர்வத்துல பொருள் தேடிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

"என்ன தேடிக்கிட்டிருந்தீங்க?"

"பொருள் மேடம். ரொம்ப நாளா தேடுறேன். சின்ன வயசுலேருந்தே பழக்கம்."

அவர் பேனாவை எடுத்தார்.

"ஐயோ, சொல்லுக்குப் பொருள் மேடம்! சொல்லுக்கு! அர்த்தம்! அர்த்தம்!"

பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே நான் கேக்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அதையும் ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். என் மனைவியும் இதையேதான் சொல்வாள்.

மேசை மேல் என் ஃபோன் துடித்தது. யாழினி. சார்ஜன் தலையசைக்க, கார்ப்பரல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, பத்து மணி ஆகப் போகுது, எங்க இருக்கே?"

"தங்கச்சி, நான் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசுறேன். உங்க அண்ணன் எங்ககிட்ட இருக்காரு."

யாழினி ஒரே சொல்லில் கேட்டாள்.

"கல்லு?"

"என்னம்மா?"

"கல்லு நல்லா இருக்கா அக்கா?"

கார்ப்பரல் அம்மியைப் பார்த்தார். "அது நல்லாத்தான் இருக்கு."

"அண்ணனை அப்புறம் பார்த்துக்கலாம் அக்கா. அவனை எத்தனை நாள் வேணும்னாலும் வச்சிக்குங்க. கல்லை மட்டும் யார்கிட்டயாவது குடுத்து அனுப்ப முடியுமா? எங்க அப்பா..." அதோடு குரல் உடைந்துவிட்டது. பின்னால் நாதஸ்வரம் கேட்டது. வேறு யாரோ, "பொண்ணு அழுவுது, மையி கலையுது, துணி கொண்டாங்க" என்று கத்தினார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. நியாயம்தான் என்று எனக்கே பட்டது.

கார்ப்பரல் சார்ஜன் பக்கம் திரும்பி மலாயில் விளக்கினார். தமிழில் பத்து என்றால் எண் பத்து, மணி என்றால் நேரம், முகூர்த்தம் பத்து மணிக்கு. இந்தக் கல்லின் மேல் மணப்பெண் கால் வைப்பாள், மாப்பிள்ளை விரலில் மெட்டி போடுவான். தன் கல்யாணத்திலும் இப்படித்தான் நடந்தது. மூன்றே வாக்கியம். நான் அரைமணி நேரமாகச் சொல்ல முயன்றது அது.

சார்ஜன் காதைச் சொறிந்தார். "சரி, பத்து புரிகிறது. கூடா?"

அவரே என் ஃபோனில் 'KUDA BATU'வை அழைத்தார். மான் அண்ணன் எடுத்ததும், இது போலீஸ், நீ எங்கே இருக்கிறாய், கூடா எங்கே என்று அதட்டினார்.

"லோரியில இருக்கு துவான்" என்றது நடுங்கிய குரல். "ஒண்ணுதான் துவான். வெள்ளை."

"வெள்ளையா?"

"வெள்ளைதான் துவான். பழுப்பு வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்."

கார்ப்பரல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சார்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அது உண்மையான குதிரை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மான் அண்ணன் நல்ல மனிதர். அதிகம் பேசுபவர் இல்லை. ஏதோ தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பீக்கர் கிழிய ஒரு கனைப்பு. அந்தக் காலையில் எனக்காகச் சாட்சி சொன்ன முதல் உயிர் அதுதான். நிலையத்தில் எல்லாரும் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இளம் போலீஸ்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மிச்சம் இருந்தது கற்கண்டு. அதை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று சார்ஜன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்ப்பரல் குனிந்து மேசையைப் பார்த்தார். துணிப்பையிலிருந்து எறும்பு வரிசை ஒன்று புறப்பட்டு, மேசையைக் கடந்து, அம்மியைச் சுற்றிக்கொண்டு, சார்ஜனின் தேநீர்க் கோப்பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக என் காடியில் குடியிருந்த குடும்பங்கள்.

"சார்ஜன்" என்றார் கார்ப்பரல். "சியாபுவுக்கு எறும்பு வருமா?"

சார்ஜன் கோப்பையைத் தூக்கிக்கொண்டார். அவர் முகத்தில் முதல்முறையாக எனக்குச் சாதகமான ஏதோ தெரிந்தது. ஆனாலும், விழுங்கியது விழுங்கியதுதான் என்று சட்டம் பேசினார். சிறுநீர்ச் சோதனை செய்யாமல் விடமுடியாது.

புட்டி வந்தது.

அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவசரம் என்று ஒரு மனிதனிடம் சொன்னால் அவன் உடம்பு என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே இளம் போலீஸ்காரர் நின்றுகொண்டு, "வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். இன்னும் கொடுத்தார்கள், குடித்தேன். கார்ப்பரல் சாந்தி வெளியேயிருந்து, "சீக்கிரம்யா, அங்க புள்ள அழுவுது!" என்று கத்தினார். குழாயைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் எப்படியோ, சாமிக்குத் தீர்த்தம் தெளிக்கும் அளவுக்கு வந்தது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று ஆனதும் சார்ஜன் அம்மியைத் தானே தூக்கி என் காடியில் வைத்தார்.

"ஒரு விஷயம் சொல்கிறேன், கேள்" என்றார். "யாராவது போலீஸ்காரர் பத்து என்று சொன்னால், நீ ஒன்றும் சொல்லாதே."

எனக்கு அதில் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சொல்லவில்லை. வியாதி லேசாகக் குறைந்திருந்தது.

குடித்த தண்ணீர் அதுவரை எங்கே போயிருந்தது என்று தெரியாது. பாலத்தில் ஏறியதும் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. பினாங்குப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நிறுத்த இடமில்லை. கண் எட்டிய தூரம் வரை தண்ணீர், தண்ணீர். அந்தக் காட்சியை அழகானது என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு உடம்பு கூசும்.

மண்டபத்து வாசலில் வெள்ளைக் குதிரை நின்றுகொண்டிருந்தது. மான் அண்ணன் என்னைப் பார்த்ததும் குதிரையின் பின்னால் ஒளிந்துகொண்டார். உள்ளே தாலி கட்டி முடிந்திருந்தது. ஐயர் தனக்குத் தெரிந்த மந்திரமெல்லாம் தீர்ந்து, சொன்னதையே மெல்லிய குரலில் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அம்மியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட ஓடிவந்தேன். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். "பாரு, தங்கச்சி மேல எவ்ளோ பாசம்" என்று ஒரு அத்தை மூக்கைச் சிந்தினார். அத்தை, அது வேறு அவசரம்.

கல்லை யாழினியின் காலருகே இறக்கினேன். அவள் குனிந்து அந்த மஞ்சள் பூசிய பரப்பை ஒருமுறை கையால் தடவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் நிற்கவில்லை.

ஆகவே, இவ்வளவும் எதற்காக நடந்ததோ அதை நான் பார்க்கவில்லை. தங்கச்சி கால் வைத்தது, தினேஷ் குனிந்து மெட்டி போட்டது, அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதது எல்லாம் எனக்கு ஆல்பத்தில் பார்த்ததுதான். நல்ல படம். எல்லாரும் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில், கழிவறை என்று எழுதிய கதவுக்குள் ஒரு பட்டு வேட்டியின் கரை மட்டும் மறைந்துகொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் 'பத்து மணி' என்று சொல்வதில்லை. முதலில் தினேஷ்தான் என்னைச் சீண்டுவதற்காக ஆரம்பித்தான். "மச்சான், கோயிலுக்கு ஒன்பது அறுபதுக்கு வந்துடுங்க, சரியா?" பிறகு அம்மா பிடித்துக்கொண்டார். பிறகு பெரியம்மா. இப்போது விசேஷ வீட்டு வாட்ஸாப் குழுவில்கூட நேரம் அப்படித்தான் வருகிறது. வெளியாட்கள் கடிகாரம் கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள்.

போன மாதம் யாழினியின் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வர நான் போயிருந்தேன். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புள்ள நல்ல கெட்டிக்காரி, எல்லாப் பாடமும் வருது, கடிகாரம் மட்டும் கொஞ்சம் குழப்பமா இருக்கு என்றார். சுவரில் இருந்த அட்டைக் கடிகாரத்தில் சின்ன முள்ளைப் பத்தில் வைத்து, "மணி என்ன, சொல்லும்மா?" என்று கேட்டார்.

"ஒன்பது அறுபது" என்றாள் அவள்.

"அப்படி ஒரு மணி இல்லம்மா. பத்து மணின்னு சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதில் சொன்னாள். ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சொன்னதால் வகுப்பு முழுக்கக் கேட்டது:

"மாமா பக்கத்துல இருக்கும்போது சொல்லக்கூடாது டீச்சர். போலீஸ் வந்து புட்டி குடுத்துடுவாங்க."